பெலாஹியாவின் இருபது நிமிடம்

பராகுவேயில் மதியம் பன்னிரண்டு அடித்தால் ஊர் மொத்தமும் கட்டையைச் சாய்த்துவிடும். கடை சாத்தும், பள்ளி சாத்தும், நகராட்சியும் சாத்தும். மூன்று மணி வரை குறட்டையின் ராஜ்ஜியம்தான். கேட்டால், உடம்புக்கு நல்லது என்பார்கள். அதே ஊரில் பெலாஹியா காலை பத்து மணிக்கு இருபது நிமிடம் கண்ணை மூடினால் சோம்பேறித்தனமாம். என்ன நியாயமோ, அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

பெலாஹியா பெனீத்தெஸ் நகர மன்றத்தில் குறிப்பெழுதுபவள். யார் என்ன பேசினாலும் அப்படியே எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்குவது அவள் வேலை. பத்தொன்பது வருடத்தில் ஒரு சொல் பிசகியதில்லை. ஆனால் அவளுக்கு நார்கோலெப்சி. பகலில் தூக்கம் வந்து ஆளை அமுக்கும். அது போதாதென்று, வாய்விட்டுச் சிரித்தால் கைகால் துவண்டு விழுந்துவிடுவாள். கண் மூடிவிடும், நாக்கு புரளாது. நினைவு மட்டும் தப்பாது. காதில் எல்லாம் விழும். ஓரிரு நிமிடத்தில் தானாக எழுந்துவிடுவாள்.

ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? சந்தையில் பச்சிலை விற்கும் தெயோஃபிலா, ஏழு இலைகளை இடித்து அவள் குடிக்கும் குளிர்ந்த மூலிகைச் சாறான தெரெரேயில் கலந்து கொடுத்தாள். தூக்கம் போகவில்லை, வயிறுதான் போயிற்று. பாதிரியார் தீர்த்தம் தெளித்தார்; முகத்தைத் துடைத்துக்கொண்டு தூக்கத்தைத் தொடர்ந்தாள். "ஒரு கல்யாணத்தப் பண்ணி வெச்சா எல்லாம் சரியாப் போயிடும்" என்றாள் அண்ணி. ஏற்கெனவே பண்ணி வைத்து, அவன் ஓடிப்போனது அண்ணிக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது.

வியாதி தொடங்கிப் பதினோரு வருடம் கழித்து, தலைநகர் அசுன்சியோன் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மாதான் தலை முழுக்க ஒயரை ஒட்டிப் பரிசோதித்து, நோய்க்குப் பெயர் சொன்னாள். காலையில் விழித்திருக்க ஒரு மாத்திரை, சிரித்து விழாமலிருக்க ஒன்று. பகலில் இரண்டு தடவை இருபது நிமிடத் தூக்கம். மதியம் மரவள்ளிக்கிழங்கை வயிறு முட்டத் தின்னக்கூடாது. பெலாஹியா வேதவாக்காகக் கடைப்பிடித்தாள். சிரிப்பு வியாதியை மாத்திரை முக்கால்வாசி அடக்கியது. மிச்சத்துக்கு, மன்ற உறுப்பினர்கள் பேசும்போதெல்லாம் அவளே பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இப்படி ஒருத்தி நன்றாக இருப்பது மன்றத் தலைவர் டோன் எவாரிஸ்தோவுக்குப் பொறுக்கவில்லை. வேலை நேரத்தில் தூங்கும் குறிப்பெழுத்தரை நீக்குவதென்று தீர்மானம் கொண்டுவந்தார். அதற்கும் குறிப்பு எழுத வேண்டியவள் அவளேதான். வேலை போனால் காப்பீடு போகும், காப்பீடு போனால் மாத்திரை போகும். அப்புறம் நடுத்தெருவில் விழுந்து கிடக்க வேண்டியதுதான்.

மூன்று மணிக்கு மன்றம் கூடியது. டோன் எவாரிஸ்தோவின் கன்னத்தில் தலையணை மடிப்பு இன்னும் அழியவில்லை. "தூங்குறவங்களுக்கு இந்த மன்றத்துல..." என்று தொடங்கியவர், நடுவில் தொண்டைக்குழி தெரியக் கொட்டாவி விட்டார். அது ஒட்டிக்கொண்டு ஐந்து உறுப்பினர்களும் வரிசையாக விட்டார்கள். பெலாஹியா பல்லைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்தாள், நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் விழுந்தாள்.

"பாத்தீங்களா, தூங்கிட்டா" என்றார் தலைவர், வாயெல்லாம் பல்லாக.

"தண்ணி தெளிக்கலாமா?" என்றாள் உறுப்பினர் ஹெர்மெலிந்தா.

"விடும்மா. எந்திரிக்கிறதுக்குள்ள முடிச்சிடலாம். எங்க அக்கா பொண்ணு திங்கக்கிழமையே வேலைக்கு வந்துடுவா."

"அவளுக்கு எழுத வருமா?"

"கத்துக்குவா. நாம பேசுறத எழுத என்ன பெரிய படிப்பு வேணும்?"

"வியாதின்னு டாக்டர் சீட்டு ஏதோ இவ குடுத்திருந்தாளாமே?"

"மேஜைக்கால் ஆடிச்சு, மடிச்சு அடியில வெச்சுட்டேன்."

பெலாஹியாவுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. பாழாய்ப்போன வியாதி, கோபத்துக்கும் உடம்பு துவளும். அதனால் இன்னும் கொஞ்ச நேரம் கிடந்தாள். அதற்குள் அவர்களும் இன்னும் கொஞ்சம் பேசிவிட்டார்கள்.

எழுந்தாள், பாவாடையைத் தட்டிக்கொண்டாள், உட்கார்ந்து கிடுகிடுவென்று எழுதினாள்.

"நல்ல தூக்கமா, பெலாஹியாம்மா?" என்று இளித்தார் தலைவர். "வாங்க, ஓட்டெடுப்ப முடிச்சிடலாம்."

"மொதல்ல குறிப்பப் படிக்கணும், டோன். அதான் சட்டம்."

படித்தாள். கொட்டாவியிலிருந்து அக்கா மகள் வரை, மேஜைக்கால் வரை, ஒரு சொல் விடவில்லை. ஹெர்மெலிந்தா குனிந்து, மடித்த சீட்டை உருவி மேஜைமேல் வைத்தாள். டோன் எவாரிஸ்தோவின் முகத்தில் ஈயாடவில்லை.

"இதெல்லாமா எழுதுறது?" என்றார் ஈனக்குரலில்.

"பேசினத எழுதுறதுக்குத்தான் சம்பளம் குடுக்குறீங்க. தீர்மானம் இருக்கா, இல்லையா? அதையும் எழுதணும்."

"இல்ல, இல்ல. வாபஸ்."

அதையும் எழுதி, ஆறு பேரிடமும் கையெழுத்து வாங்கினாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "எனக்குத் தூங்குற நேரம்" என்று அவர்கள் எதிரிலேயே மேஜையில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். இந்த முறை அவள் நிஜமாகவே தூங்கினாள். ஆனால் அந்த இருபது நிமிடமும் மன்றத்தில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.