ஸ்கீ தெரியாதவர்களுக்கு ஏழு நாள்

பிரபாவால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. பெங்களூரில், மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸ் தெருவில் ஒரு துணிக்கடையின் மாடியில் இருக்கும் டிராவல் ஆபீஸில் அவள் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள். அங்கே அவளுக்கென்று போட்டிருக்கும் நாற்காலியில் பெரும்பாலும் அவளுடைய கைப்பைதான் உட்கார்ந்திருக்கும். போனைக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தபடியே விமானம், ஓட்டல், வண்டி எல்லாவற்றையும் பேசி முடித்துவிடுவாள். "கொஞ்சம் உக்காரும்மா, பாக்கற எனக்குத் தலை சுத்துது" என்று முதலாளி சுந்தரம் தினம் ஒருமுறையாவது சொல்வார். அனுப்பிவைத்தவர்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்கள் என்று தெரியும்வரை அவளுக்குச் சோறு இறங்காது என்பதும், அந்தப் பதற்றத்தை நம்பித்தான் தன் ஆபீஸ் ஓடுகிறது என்பதும் அவருக்குத் தெரியும்.

போன நவம்பரில் பரத்தும் அவன் மனைவி கிருத்திகாவும் மாடியேறி வந்தார்கள். இருவரும் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. மூன்று வருடம் ஜெர்மனியில் இருந்தபோது பனிச்சறுக்குக் கற்றுக்கொண்டவர்கள். குழந்தை பிறந்தபிறகு ஸ்கீ பலகையில் கால் வைக்கவே இல்லை. பிப்ரவரியில் ஒரு வாரம் காஷ்மீரில் குல்மர்க் போக வேண்டும் என்றார்கள்.

"நாங்க ரெண்டு பேரும் முழு வாரமும் ஸ்கீ பண்ணுவோம்" என்றான் பரத். "கூட அப்பா, அத்தை, பாப்பா வர்றாங்க. அவங்களுக்கு ஏதாவது லைட்டா பிளான் பண்ணிடுங்க."

அப்பா கோதண்டராமன், மனைவியை இழந்தவர், ரிடையராகி எட்டு வருடம் ஆகிறது. அத்தை உஷா அவருடைய தங்கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு காலேஜ் ஆபீஸில் முப்பது வருடம் வேலை பார்த்துவிட்டு அந்த வருடம்தான் ஐம்பத்தாறு வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு அண்ணன் வீட்டோடு இருப்பவர். பாப்பா ஸ்னேஹாவுக்கு நான்கு வயது.

பிரபா பனியைப் பார்த்தது கிடையாது. அதனாலேயே பார்த்தவர்கள் எல்லோரிடமும் கேட்டாள். குல்மர்க் ஓட்டல் மேனேஜரை ஒரு நாளைக்கு மூன்று தடவை கூப்பிட்டாள். மலையடிவாரத்து டாங்மர்க்கில் வண்டி மாற வேண்டுமா, பனியில் வழுக்காமல் டயருக்குச் சங்கிலி யார் கட்டுவார்கள், பூட்ஸ் அளவு சரியில்லாவிட்டால் எங்கே மாற்றுவது, எதையும் விடவில்லை. ஒரு தாளில் நடுவே கோடு கிழித்து இடது பக்கம் ஸ்கீ தெரிந்தவர்கள், வலது பக்கம் தெரியாதவர்கள் என்று எழுதினாள். இடது பக்கம் ஒரே நாளில் நிரம்பிவிட்டது. வலது பக்கத்தில், முதல் நாள் பனியில் இழுத்துப்போகும் ஸ்லெட்ஜ் வண்டி, இரண்டாம் நாள் பழைய சர்ச் வரை ஒரு நடை. மூன்றாம் நாளிலிருந்து வெள்ளையாகக் கிடந்தது. அந்த வெள்ளை அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. மெட்ரோவில் ஸீட் காலியாக இருந்தும் உட்காராமல் நின்றபடி அந்தத் தாளை எடுத்துப் பார்ப்பாள், மடிப்பாள், மறுபடி எடுப்பாள்.

டிசம்பரில் உஷா போன் செய்ய ஆரம்பித்தார். முதல் நாள், ரூமில் ஹீட்டர் உண்டா என்று கேட்டார். அடுத்த நாள், பால் காய்ச்சக் கெட்டில் இருக்குமா. அதற்கடுத்த நாள், டிவியில் கார்ட்டூன் சானல் வருமா. ஒரு வாரம் போனபிறகு பிரபாவுக்கு ஒன்று உறைத்தது. உஷா கேட்டதெல்லாம் ரூமைப் பற்றித்தான். பனியைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை.

பிறகு ஒரு நாள் காய்கறிப் பையோடு உஷாவே மாடியேறி வந்தார். மூச்சு வாங்கி முடித்தபிறகு, சுந்தரம் வெளியே போயிருக்கிறார் என்று உறுதி செய்துகொண்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஏம்மா, அங்க ரோப்வேன்னு ஒண்ணு இருக்காமே, அது எவ்ளோ தூரம் மேல போறது?"

"ரெண்டு கட்டமாப் போவுது மேடம். முதல் கட்டம் பாதி மலை. ரெண்டாவது, உச்சிக்குப் பக்கத்துல."

"என் வயசுக்காரா ஏறலாமா?"

"உக்காந்துக்கிட்டுதானே போறது, தாராளமா ஏறலாம்."

"அப்போ ஒரு தடவை நான் மேல போகணும். மத்தியானம் பாப்பா தூங்கற நேரத்துல போயிட்டு வந்துடலாமா?" பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "அவாகிட்ட சொல்லிடாதே. அவா ரெண்டு பேரும் ஸ்கீக்குப் போறா, குழந்தைக்கு ஒரு ஆள் வேணும், அதுக்காக என்னை அழைச்சுண்டு போறா. தப்புன்னு சொல்லலை. எனக்குத் தெரியும்னு சொல்றேன், அவ்ளோதான்."

அவர் படியிறங்கிப் போனபிறகு பிரபாவுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

சாயங்காலம் மர்பி டவுன் வீட்டில் அவள் அம்மா காந்தா முறத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். காந்தா ரிச்மண்ட் டவுனில் ஒரு வீட்டில் இருபது வருடம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள். அந்த வீட்டார் சில கோடைகளில் ஊட்டிக்குப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போவார்கள். அந்த நாட்களில் பிரபா பக்கத்து வீட்டில் சாப்பிட்டுப் படுத்துக்கொள்வாள்.

"அம்மா, ஊட்டி எப்படி இருக்கும்?"

"இன்னாத்துக்குத் திடீர்னு?"

"சும்மா சொல்லேன். அஞ்சு வாட்டி போயிருக்கியே."

"ஆறு வாட்டி. நல்ல ரூமு. கொழாயத் தொறந்தா சுடுதண்ணி கொட்டும். புள்ளைங்களக் குளிப்பாட்டறதுக்கு வசதியா இருக்கும்."

"ஏரி, பூங்கா எல்லாம்?"

"அதெல்லாம் அவங்க போவாங்க. ஜன்னல்லேர்ந்து ஒரு மரம் தெரியும். பெரிய மரம்."

குறையாகச் சொல்லவில்லை. விதையை உரித்துப் போட்டபடி, கேட்டதற்குப் பதில் சொன்னாள். அதுதான் பிரபாவுக்குத் தாங்கவில்லை. எழுந்து தெருமுனை வரை போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள்.

மறுநாள் வந்ததும் வராததுமாகப் பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று எழுதினாள். காலையில் பரத் ஸ்கீ, மதியம் கிருத்திகா. இரண்டு நாள் மட்டும் இருவரும் சேர்ந்து. ஒரு நாள் ஐந்து பேரும் ரோப்வே. கீழே சரிவு குறைந்த மைதானத்தில் புதிதாகக் கற்பவர்களுக்கான ஸ்கீ வகுப்பு, மூன்று நாள், ஓர் ஆள். அந்த ஆளின் பெயர் என்ற இடத்தில் உஷா என்று போட்டாள். மனசு மாறுவதற்குள் பரத்துக்கு வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டாள்.

அன்று மாலையே பரத்தும் கிருத்திகாவும் வந்துவிட்டார்கள்.

"நாங்க கேட்டது ஒண்ணு, நீங்க போட்டிருக்கறது ஒண்ணு" என்றான் பரத். "அரை நாள் ஸ்கீ பண்றதுக்கா அவ்ளோ தூரம் போறோம்?"

"அஞ்சு பேர் போறீங்க சார். பாப்பாவ யார் பாத்துப்பாங்கன்னு நீங்க சொல்லவே இல்லியே."

"அதான் அத்தை இருக்காங்களே."

"அத்தைக்கும் டூரிஸ்ட்னுதானே சார் டிக்கெட் போடச் சொன்னீங்க?"

சுந்தரம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "பிரபா, நீ சும்மா இரு. சார், தப்பா எடுத்துக்காதீங்க, பழைய பிளானே போட்டுடலாம்."

கிருத்திகா பிரபாவைப் பார்த்துப் பேசினாள். "உங்களுக்கு எல்லாம் ஈஸியாத் தெரியுது. நாலு வருஷமா நான் ஒரு நாள் முழுசா எனக்குன்னு இருந்ததில்ல. இந்த ஒரு வாரத்துக்காக ஆறு மாசமா லீவ் சேத்து வெச்சிருக்கேன். அதுலயும் பாதிய வெட்டிட்டீங்க."

உஷா வந்துபோனதைச் சொல்லிவிடலாம் என்று பிரபாவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை.

"வாரத்தை வெட்டணும்னு இல்ல மேடம்" என்றாள். "ரூம்ல உக்கார்றது ஒருத்தர் தலையிலேயே விழக்கூடாதுன்னு நெனச்சேன். அவ்ளோதான்."

கிருத்திகா கணவன் பக்கம் திரும்பினாள். "அத்தைகிட்ட நீ கேட்டியா?"

"அப்பா கேட்டிருப்பார்."

"அப்பா நீ கேட்டிருப்பேன்னு நெனச்சிண்டிருப்பார்."

எதுவும் முடிவு செய்யாமல் இருவரும் போய்விட்டார்கள். அடுத்த நான்கு நாள் பிரபா பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. போன் அடித்தால் பாய்ந்தாள். அடிக்காவிட்டால் எடுத்து, வேலை செய்கிறதா என்று பார்த்தாள். தனக்குச் சம்பந்தமில்லாத ஒரு வீட்டுக்குள் கையை விட்டுவிட்டோம் என்று ஒரு நிமிடம் தோன்றும். விட்டது சரிதான் என்று அடுத்த நிமிடம் தோன்றும். சுந்தரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஐந்தாம் நாள் கோதண்டராமன் போனில் பேசினார். "காலை வேளையில குழந்தையை நான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டேன். பசங்க ரெண்டு பேரும் ஒரு மணி வரைக்கும் சேர்ந்தே போகட்டும். மத்தியானம் ஒருத்தர் மாத்தி ஒருத்தர். உஷா கிளாஸுக்குப் போகட்டும். இதை அப்படியே எழுதிடுங்கோ." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "எனக்குக் குழந்தை பாத்துப் பழக்கம் கிடையாது. ஒரே பிள்ளை, அவனையும் நான் தூக்கினதில்லை. அதையும் எங்கேயாவது எழுதி வெச்சுக்கோங்கோ" என்றார்.

பிப்ரவரி முதல் வாரம் கிளம்பினார்கள். பெங்களூரில் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. பிரபாவின் உடம்பு மல்லேஸ்வரத்தில் இருந்ததே தவிர, போனில் குல்மர்க்கின் வெப்பநிலையைத்தான் மணிக்கொரு தரம் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. இரண்டாம் நாள் காலை பத்து மணிக்குக் கோதண்டராமனிடமிருந்து அழைப்பு.

"பிரபா, குழந்தைக்குத் தலை பின்றது எப்படி?"

"சார், அங்க யாராவது..."

"யாரும் இல்லை, அதனாலதான் உங்களைக் கேக்கறேன். மூணு பிரிவா எடுத்தாச்சு. இப்போ எதை எது மேல போடணும்?"

நடந்துகொண்டே சொல்லிக்கொடுத்தாள். சுந்தரம்கூடச் சிரித்துவிட்டார்.

மூன்றாம் நாள் மதியம் பரத் கூப்பிட்டான். வகுப்பில் உஷா விழுந்துவிட்டார். முழங்கால் திருகிக்கொண்டது. டாங்மர்க் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். எலும்பு முறியவில்லை, ஆனால் கட்டுப் போட்டு ஒரு வாரம் காலை மடக்கக் கூடாது என்றார்கள்.

"இப்போ சந்தோஷமா உங்களுக்கு?" என்றான் பரத். "ரூம்ல நிம்மதியா இருந்திருப்பாங்க."

அவள் மன்னிப்புக் கேட்பதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது. பிரபா துணிக்கடை வாசலுக்கு இறங்கி வந்தாள். அங்கிருந்து சம்பிகே ரோடு முழுக்க நடந்து, வந்த வழியே திரும்பி நடந்தாள். பூக்காரி இரண்டு தடவை கூப்பிட்டும் காதில் விழவில்லை. ஐம்பத்தாறு வயதுக்காரியை மலையில் கொண்டுபோய்த் தள்ளிவிட்டோம் என்ற ஒன்றைத் தவிர மண்டைக்குள் வேறு எதுவும் இல்லை. அன்றும் மறுநாளும் அவள் உஷாவுக்குப் போன் செய்யத் துணியவில்லை. ஓட்டல் மேனேஜரிடம் மட்டும் விசாரித்தாள். கட்டுப்போட்ட காலோடு ரூமில் இருக்கிறார், குழந்தையும் கூடத்தான் இருக்கிறது, ஆனால் மதியம் யாராவது ஒருவர் வந்துவிடுகிறார்கள் என்றார் அவர்.

ஆறாம் நாள் ரோப்வேயின் மேல்கட்டத்தைக் காற்று அதிகம் என்று நிறுத்திவிட்டார்கள். கீழ்க்கட்டம் மட்டும் ஓடியது. அன்று சாயங்காலம் கிருத்திகா அனுப்பிய ஒரு படம் வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் கோதண்டராமனும் ஸ்னேஹாவும் ஒரு பக்கம், எதிரே காலை நீட்டிக்கொண்டு உஷா. படத்தோடு ஒரு வார்த்தையும் இல்லை. பிரபா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி உஷாவின் முகத்தைப் பார்த்தாள். கோபமா சந்தோஷமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் கேமராவைப் பார்க்கவில்லை, வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊர் திரும்பிப் பத்து நாள் கழித்து உஷா வந்தார். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி வந்தவரைப் பார்த்ததும் பிரபா ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள்.

"மேடம், என்னாலதான்..."

"பரத் ஒன்னைத் திட்டினானாமே. அவனோட பேசிட்டேன். விழுந்தது என் கால், அதைப் பத்தி வேற யாரும் பேச வேண்டாம்னுட்டேன்." நாற்காலியில் இருந்த கைப்பையை எடுத்துக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். "ரெண்டாம் நாள், விழாம ஒரு இருபது அடி போனேன். அந்த வாத்தியார் கைதட்டினார். கீழ என்ன இருக்குன்னே தெரியலை, நான் நகர்றேன்னுதான் தெரிஞ்சுது. அப்புறம் நாலு தடவை விழுந்தேன். அது வேற."

பிரபாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. உஷா அதைக் கவனித்தும் குரலை மாற்றவில்லை.

"ஆனா ஒண்ணு சொல்லணும். நான் ஒங்கிட்ட ரோப்வேதான் கேட்டேன். ஸ்கீ கிளாஸ் கேக்கலை. அவா என்னைக் கேக்காம குழந்தைகிட்ட உக்கார வெச்சா. நீயும் என்னைக் கேக்காமதான் பேரைப் போட்டே."

இரண்டு மாதமாக பிரபா ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தபோது எல்லாவற்றையும் யோசித்திருந்தாள், இதைத் தவிர.

"கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க மேடம்" என்றாள்.

"சொல்லியிருப்பேன். அதுக்காகக் கேக்காதது சரின்னு ஆயிடாது." உஷா காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார். பிறகு சட்டென்று சிரித்தார். "அந்த மேல்கட்டம் பாக்கி இருக்கு. காத்து இல்லாத மாசம் எதுன்னு விசாரிச்சு வை. நான் மட்டும் போறேன். கிளாஸ் வேணுமா வேண்டாமான்னு நானே சொல்றேன்."

அவரை ஆட்டோ ஏற்றிவிட்டு வந்தபிறகும் பிரபாவுக்கு நிம்மதியாக இல்லை. ஆனால் மாடிக்கு வந்ததும் முதல் வேலையாக, மறுநாள் கூர்க் கிளம்பவிருந்த ஒரு குடும்பத்தின் பட்டியலை எடுத்தாள். எட்டுப் பேர். அதுவரை அவள் பேசியிருந்தது குடும்பத் தலைவரிடம் மட்டும். மற்ற ஏழு பேரின் நம்பரையும் அவரிடம் கேட்டு வாங்கினாள்.

"எதுக்கும்மா அவங்க நம்பர்?" என்றார் சுந்தரம்.

"கேக்கணும் சார்" என்று சொல்லிவிட்டு முதல் நம்பரை அழுத்தி, ஜன்னல் பக்கம் நடந்தாள்.