பினாங்கு நெட்பால் சங்கமும் கமலத்தின் கண்ணாடி வளையல்களும்

நிபோங் திபால் பள்ளிப் பெண்களே, நீங்களும் நெட்பால் சங்கத்தில் சேரப் பினாங்குக்குப் போகப்போகிறீர்கள் என்று கேள்வி. போன சனிக்கிழமை புக்கிட் மெர்தாஜாமிலிருந்து நாங்கள் போய் வந்துவிட்டோம். வழி, செலவு, வயிற்றுக் கலக்கம் மூன்றையும் எழுதுகிறேன். முதல் இரண்டுக்கும் கணக்கு உண்டு. மூன்றாவதை அவரவர் வயிற்றுக்குத் தகுந்தபடி கூட்டிக்கொள்ளுங்கள்.

இந்த வட்டாரத்தில் பெண்கள் நெட்பாலை நடத்துவது அந்தச் சங்கம்தான். யாரோடு யார் ஆடுவது, எந்தச் சட்டப்படி ஆடுவது, கோப்பைக்கு யார் போட்டியிடலாம், எல்லாம் அவர்கள் கையில். இதுவரை பினாங்குத் தீவுப் பள்ளிகள் மட்டுமே அதில் இருந்தன. அக்கரைக்காரர்களான எங்களை, "வந்து ஓர் ஆட்டம் ஆடிக் காட்டுங்கள், பிறகு முடிவு சொல்கிறோம்" என்றார்கள். எங்கள் தலைமையாசிரியரோ, "அவர்கள் சேர்க்காவிட்டால் திங்கட்கிழமையே நெட்பால் கம்பத்தைப் பிடுங்கிவிடுவேன். அந்த இடம் பையன்களின் பேட்மிண்டனுக்கு" என்று சொல்லிவிட்டார். சொன்னதைச் செய்கிற மனிதர். பையன்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலமே வந்து எங்கள் திடலைக் காலால் அளந்து பார்த்தார்கள். நான் அவர்கள் சைக்கிள்களில் காற்றைப் பிடுங்கிவிட்டேன். அது வேறு கதை.

ஆடுகிறவர்கள் ஏழு பேர். நான் சரசு, எட்டாவது ஆள். யாருக்காவது கால் பிசகினால்தான் எனக்கு வேலை. அதனால் எல்லார் காலையும் அக்கறையோடு பார்த்துக்கொண்டிருப்பேன். கூட வந்தவர் ஜெயமணி டீச்சர், யாழ்ப்பாணத்துக்காரர். எங்களுக்குப் பந்தைத் தொடக் கற்றுக்கொடுத்ததே அவர்தான்.

காலை ஏழு மணி ரயில். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பிறைக்கு ஏழு மைல். பிறை என்றதும் நிலாவைத் தேடாதீர்கள், கரிப்புகைதான் இருக்கும். அங்கே இறங்கினால் ரயில்வே படகு காத்திருக்கும். ரயிலுக்கும் படகுக்கும் ஒரே சீட்டு, மூன்றாம் வகுப்பில் ஆளுக்கு முப்பது காசு. கடலைத் தாண்ட இருபது நிமிடம் ஆகும். இடது பக்கம் உட்காராதீர்கள். வெயிலும் புகையும் அந்தப் பக்கம்தான்.

படகில் கச்சான் கடலை விற்ற ராவுத்தர் அண்ணன் எங்கள் பந்தைப் பார்த்துவிட்டு, "பினாங்குல பந்து கெடைக்காதுன்னா கொண்டு போறீங்க?" என்றார்.

"பந்து கெடைக்கும்ணே, எடந்தான் கெடைக்கல" என்றேன்.

"நல்ல வாய்தான்லா இந்தப் புள்ளைக்கு!" என்று ஒரு பிடி கூடப் போட்டுக் கொடுத்தார். யாரும் சாப்பிடவில்லை. எங்கள் ஷூட்டர் கமலம், பந்தை வளையத்தில் போடுகிறவள், இரண்டு கைகளையும் மடியில் கோழிக்குஞ்சு போல வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அக்காவுக்குப் போன மாதம் வளைகாப்பு. அன்று கமலத்துக்கும் கைக்கு ஏழு கண்ணாடி வளையல் போட்டார்கள். அக்காவுக்குக் குழந்தை பிறக்கும்வரை அவை உடையக்கூடாது, அவள் அம்மாவின் உத்தரவு. எங்கள் திடலில் அவற்றின்மேல் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டுதான் ஆடுவாள். எல்லா ஊரிலும் அப்படித்தான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

பினாங்குத் துறையில் மணிக்கூண்டோடு பெரிய ரயில் நிலையம் இருக்கிறது. ரயில் மட்டும் இல்லை. வாசலில் ரிக்‌ஷா கிடைக்கும். மக்காலிஸ்டர் சாலைக்கு இருபது காசு கேட்பார்கள், பன்னிரண்டுக்கு வருவார்கள். ஒரு வண்டியில் இரண்டு பேர் போகலாம். மூன்றாவதாக ஏறப் பார்த்தால் ரிக்‌ஷாக்காரர் வண்டியைக் கீழே வைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பார். நான் முயன்று பார்த்தேன்.

ஆட்டம் அந்தச் சாலையில் ஒரு பெண்கள் பள்ளித் திடலில். சங்கத்தார் ஐந்து பேரும் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தலைவி ஒரு வெள்ளைக்கார அம்மா. ஊதலும் அவர் கழுத்தில்தான் தொங்கியது. எங்களை வரிசையாக நிற்கவைத்து ஒவ்வொருத்தி கையாகப் பிடித்துப் பார்த்தார். நகம் பார்த்தார், தோடு, மூக்குத்தி எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். கமலத்திடம் வந்ததும் நின்றார்.

"இதையும் கழற்று."

கமலம் இங்கிலீஷை மறந்துவிட்டாள். "கழட்டக் கூடாது டீச்சர். ஒடஞ்சா அக்காவுக்கு ஆகாது" என்று டீச்சரிடம் தமிழில் சொன்னாள். டீச்சர் எடுத்துச் சொன்னார். கைக்குட்டை சுற்றுவதையும் செய்து காட்டினார். தலைவி பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். "கண்ணாடி கண்ணைக் குத்தும். நகையோடு யாரும் ஆட முடியாது. வேறு பெண்ணை இறக்குங்கள்."

வேறு பெண் என்றால் நான். நான் பந்து போட்டால் கம்பத்தைத் தவிர எல்லாவற்றின்மேலும் விழும். அந்த நேரத்தில்தான் தலைவியின் விரலைப் பார்த்தேன். கல்யாண மோதிரம். அதன்மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி. ஆட்டம் நடத்தும்போது பந்து பட்டால் காயம் ஆகாமலிருக்க ஒட்டியிருக்கிறார்.

"மேடம், உங்கள் மோதிரமும் நகைதானே? அதற்குப் பிளாஸ்திரி போதும் என்றால் வளையலுக்குக் கைக்குட்டை போதாதா?"

கேட்டு முடித்த பிறகுதான் கேட்டது நான் என்று எனக்கே தெரிந்தது. வராந்தாவில் ஒருவர் டீக்கோப்பையைச் சத்தமில்லாமல் வைத்தார். "பிள்ளை, வாயைப் பொத்து" என்றார் டீச்சர் பல்லைக் கடித்தபடி. பக்கத்தில் நின்ற எங்கள் அணி மேரி என் பாதத்தை மிதித்தாள். எட்டாவது ஆளின் கால் பிசகினால் யாருக்கும் நஷ்டமில்லை.

தலைவி நேரே கைகழுவும் தொட்டிக்குப் போனார். பிளாஸ்திரியை உரித்தார், சோப்புப் போட்டார், திருகினார். விரல் சிவந்தது. அம்மாடி, மோதிரம் வந்துவிட்டது! அதைக் கைப்பையில் போட்டுவிட்டுத் திரும்பினார். "நீ சொன்னது சரி. இனி இங்கே யாருக்கும் எதுவும் கிடையாது. பத்து நிமிடம் தருகிறேன்."

நான் நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று. இருந்த ஒரு வழியையும் என் வாயாலேயே அடைத்துவிட்டேன். கமலம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். வீட்டுக்குப் போனதும் உன்னோடு பேசமாட்டேன் என்று அதற்கு அர்த்தம்.

டீச்சர்தான் அந்தச் சோப்பைக் கையில் எடுத்தார். "கழட்டினால் உடையவேணும் எண்டு ஆர் சொன்னது? சவுக்காரம் போட்டால் மோதிரம் வரும், வளையல் வராதோ? கையைத் தா பிள்ளை. பயப்பிடாதை."

"கழட்டுனா எங்க டீச்சர் வைக்கிறது? தரையில வைக்கக் கூடாது. ஒரு பொண்ணு கையிலதான் இருக்கணும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆடாமல் இருக்கிற ஒரே பெண் நான்தான்.

பெருவிரலை உள்ளே மடக்கி, கையைக் கூம்பாக்கியதும், ஒவ்வொரு வளையலாக நுரையோடு இறங்கி வந்தது. கமலத்தின் கை முருங்கைக்காய், என் கை பூசணிக்காய். இறங்கியது சுலபம், ஏறியதுதான் கொடுமை. நான் கத்தவில்லை. கத்தினால் கை ஆடும். பதினான்காவது ஏறியதும் டீச்சர் சொன்னார்: "இனிக் கை தட்டாதை, குதியாதை, ஒருத்திக்கும் அடியாதை. சும்மா இரு."

என்னைச் சும்மா இருக்கச் சொல்லிப் பல பேர் தோற்றிருக்கிறார்கள்.

ஆட்டம் தொடங்கியது. நெட்பாலில் பந்தோடு ஓட முடியாது, கைமாற்றிக்கொண்டே போகவேண்டும். எங்கள் பெண்கள் அழகாகக் கைமாற்றினார்கள். கமலம் எம்பிப் போட்டாள். பந்து வளையத்துக்கு மேலே பறந்து போயிற்று. மறுபடியும் அதே கதை. நாலு தடவை. தீவுப் பெண்கள் சிரித்தார்கள். "அக்கரையில வளையத்த வானத்துல கட்டியிருக்காங்களோ?" என்றாள் ஒரு தமிழ்ப் பெண்ணே. நான் பதில் வைத்திருந்தேன். சொல்லவில்லை, சொன்னால் கையும் சேர்ந்து பேசும். பாதி ஆட்டத்தில் அவர்கள் ஏழு, நாங்கள் இரண்டு.

கமலம் அழுகிற முகத்தோடு வந்தாள். "கை பஞ்சா இருக்குடி. எங்க போகுதுன்னே தெரியல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு மாதமாக அந்தக் கனத்தோடுதான் அவள் பந்து போட்டிருக்கிறாள். அந்தக் கனம் இப்போது என் கையில் இருக்கிறது. "டீச்சர், கைக்குட்டைய நனைச்சு அவ கையில கட்டுங்க. துணி நகையில்லையே!" என்றேன். டீச்சர் தலைவியிடம் கேட்டார். தலைவி ஈரத்துணியை அழுத்திப் பார்த்தார், முடிச்சை இழுத்துப் பார்த்தார், சரி என்றார்.

மறுபாதியில் கமலத்தின் பந்து வளையத்துக்கு இறங்கி வந்தது. மூன்று, நாலு, ஆறு. அவர்கள் ஒன்பது, நாங்கள் எட்டு. மேரி பந்தை வீசினாள், கமலம் பிடித்தாள், போட்டாள். பந்து வளையத்தின் விளிம்பில் சுற்றியது. நான் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு மூச்சை நிறுத்தியிருந்தேன். பந்து வெளியே விழுந்தது. ஊதல் கேட்டது.

தோற்றுவிட்டோம். சங்கத்தார் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். நாங்கள் படியில் உட்கார்ந்தோம். பேட்மிண்டன் மட்டைகள்தான் என் கண் முன்னால் வந்தன.

கதவு திறந்தது. தலைவி மோதிரத்தை மறுபடி விரலில் தள்ளிக்கொண்டே வந்தார். இரண்டு பேர் வேண்டாம் என்றார்களாம், இரண்டு பேர் வேண்டும் என்றார்களாம். "சட்டத்துக்கு அடங்கி ஆடினீர்கள். என்னையும் அடங்கவைத்தீர்கள். என் வாக்கு உங்களுக்கு. கோப்பை ஆட்டத்தில் நீங்கள் உண்டு." பிறகு என்னைக் காட்டி டீச்சரிடம் கேட்டார்: "இந்தப் பெண் ஆடுவாளா?"

"எட்டாவது ஆள்."

"நல்லது. அப்படியே வைத்திருங்கள்."

மற்ற ஏழு பேரும் குதித்தார்கள். நான் காலால் மட்டும் குதித்தேன்.

உங்களுக்குச் சொல்லவேண்டியது: ஆளுக்கு ஒரு வெள்ளிப் பணம் கொண்டுபோனால் சாப்பாட்டோடு தாராளம். கடைசிப் படகை நம்பாதீர்கள், அதற்கு முந்தியதில் திரும்புங்கள். நகம் வெட்டுங்கள். காதும் மூக்கும் கையும் வெறுமையாக ஒரு மாதம் பழகிவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் பந்து கடல் தாண்டிப் பட்டர்வொர்த்துக்குப் போய்விடும். சட்டத்தைப் பற்றிக் கேள்வி கேட்கலாம், கேட்டால் அந்த அம்மா பதில் சொல்கிறார். ஆனால் பதில் உங்கள் பக்கம்தான் விழும் என்று எண்ணிக் கேட்காதீர்கள்.

வளையல்கள் இன்னும் என் கையில்தான் இருக்கின்றன. சோப்பு, எண்ணெய் எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. கமலத்தின் அம்மா, "போதும்டி, இழுத்து ஒடைச்சிடாத, புள்ள பொறக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். அதுவரை மரம் ஏறக்கூடாது, சைக்கிள் டயரைத் தொடக்கூடாது. தினமும் சாயங்காலம் கமலத்தின் அக்காவைப் பார்க்கப் போகிறேன். "எப்பக்கா?" என்று கேட்கிறேன். என் அளவுக்கு அந்தக் குழந்தைக்காகக் காத்திருக்கிறவர்கள் அந்த வீட்டில்கூட யாரும் இல்லை.