என் ஆபரேஷனுக்கு மேனேஜர் குறித்த நாள்

மார்த்தாண்டத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிற திருநங்கை நான். இரண்டாவது அறுவைசிகிச்சைக்கு லீவு கேட்டு இன்று மேனேஜரிடம் போனேன்.

"கழிஞ்ச வருசந்தானேலே ஆபரேஷன் செஞ்ச? எல்லாத்தையும் ஒண்ணாட்டு முடிச்சிருக்கலாம்லா?"

என்னை ஆணாக்கிப் பேசவே அந்த 'லே'யைப் போடுகிறார்.

"முதல்ல செஞ்சது நல்லா ஆறணும் சார். அதுக்குப் பெறவுதான் அடுத்தது. டாக்டர் தந்த தேதி இது."

"கிறிஸ்மஸ் கச்சவடத்துக்குக் கடையில கூட்டம் அள்ளும், அது கழிஞ்சு வச்சுக்க. ஆபரேஷன் ஓடியா போவுது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்களுக்கு ரெண்டு கண்ணுலயும் ஒரே நாள்லயா சார் புரை எடுத்தாவ? ரெண்டு தடவை லீவு போட்டியளே?"

"அதும் இதும் ஒண்ணா?" என்று கத்தினார். கையெழுத்துப் போட்டு என் லீவுக் கடிதத்தை மேசையில் எறிந்தார். எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

என் ஆபரேஷனுக்கு நாள் குறிக்க இன்னும் யாருக்கெல்லாம் ஆசை? கமெண்டில் வரிசையாக வாருங்கள்.