'முன்' படத்துக்காரி

அந்தப் பொடுகு ஷாம்பு முதல் மூன்று வருடம் மருந்துக்கடை அலமாரியில் தூசி வாங்கிக்கொண்டு கிடந்தது. தார் நாற்றம் வேறு. "இது தலைக்கா, ரோட்டுக்கா?" என்று கடைக்காரர்களே கிண்டலடித்தார்கள். முதலாளி வாசனையை மாற்றினார், சின்ன பாக்கெட்டில் அடைத்தார். அப்படியும் சரக்கு நகரவில்லை. விளம்பரம்தான் ஒரே வழி என்று ஆனபோது, பாக்கெட் ஒட்டும் மிஷினில் நின்றவளைக் கூப்பிட்டார்கள். அவள் தலையிலிருந்து வெள்ளை வெள்ளையாக உதிர்வது தொழிற்சாலை முழுக்கத் தெரிந்த விஷயம்.

"ஒரே ஒரு போட்டோதான்மா. யாருக்குத் தெரியப்போவுது?" என்றார் மேனேஜர்.

உதிர்வது தெரிய, தோளில் கறுப்புத் துணி போர்த்தி எடுத்தார்கள். அவள் படத்துக்குக் கீழே 'முன்'. பக்கத்தில் பளபளவென்ற கூந்தலோடு ஒரு பெண். அதற்குக் கீழே 'பின்'.

படம் பற்றிக்கொண்டது. ஒரே வருடத்தில் பெட்டிக்கடைதோறும் பாக்கெட் சரம் தொங்கியது. தொழிற்சாலை மூன்று ஷிப்ட் ஓடியது. அவள் புருஷன் பஸ் டிரைவர். அவன் ஓட்டிய வண்டியின் முதுகிலேயே அவள் படம். "என்னப்பா, வீட்டம்மாதான் பின்னாடி நின்னு தள்றாங்களா?" என்று டிப்போவில் சிரித்தார்கள். முதலில் அவனும் சேர்ந்து சிரித்தான். பிறகு ரூட்டை மாற்றிக் கேட்டு வாங்கினான். அதன் பிறகு அவளை எந்த விசேஷத்துக்கும் கூட்டிப்போவதில்லை. "ஸ்கூலுக்கு நீ வராதம்மா, அப்பா வரட்டும்" என்றாள் மகள்.

அவள் விடாமல் அதே ஷாம்புவைத் தேய்த்தாள். தலை புண்ணானதுதான் மிச்சம். கடைசியில் தோல் டாக்டர் சொன்னார்: "இது பொடுகே இல்லம்மா. இது வேற வியாதி. எந்த ஷாம்புவும் இதத் தீர்க்காது."

டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் ஓடினாள்.

"சார், எனக்குப் பொடுகே இல்லையாம். படத்த எடுத்துடுங்க சார்."

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "எடுத்தா சரக்கு படுத்துடும். இந்தச் சீட்டு வெளிய போனா, முந்நூறு வீட்டுல அடுப்பு எரியாது. உன் வீட்டையும் சேத்துத்தான் சொல்றேன்."

அவள் சீட்டை நான்காக மடித்தாள்.

பத்தாம் ஆண்டு விழாவில் அந்தப் படத்தைச் சுவர் உயரத்துக்குப் பெரிதாக்கி மாட்டினார்கள். 'பின்' பெண் காரில் வந்து இறங்கி, சால்வை வாங்கிக்கொண்டாள். கை கழுவும் இடத்தில் இவளை அடையாளம் கண்டு, பார்வையைத் தலைக்கு உயர்த்தினாள்.

"நீங்கதானே அவங்க? ஐயோ, இன்னுமா போகல?"

"இல்லம்மா. நீங்க எத்தன பாக்கெட் போட்டீங்க?"

"நானா? நான் இதத் தொட்டதே இல்லக்கா."

உள்ளே கைதட்டல் கேட்டது. இவள் வேலைத் தொப்பியை இழுத்துக் காதுவரை மூடிக்கொண்டு மிஷினுக்குத் திரும்பினாள். பாக்கெட்டுகள் வந்துகொண்டே இருந்தன. தலை தாங்க முடியாமல் அரித்தது. சொறியக் கையெடுத்தால் வரிசை நின்றுவிடும்.