வியாழக்கிழமை திறக்காத அளம்

தனகோட்டி முதலாளி போய்விட்டார் என்ற செய்தியை லாரி டிரைவர் வந்து சொன்னபோது உப்பு மூட்டை தைத்துக்கொண்டிருந்தேன். "பொய் சொல்லாதய்யா" என்று அவரைத் திட்டினேன். முந்தின நாள்தான் முதலாளி என் தையலைப் பார்த்து, "ஏம்மா லூர்து, இது மூட்டையா, மீன் வலையா?" என்று கிண்டல் செய்திருந்தார். நெஞ்சுவலியாம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

இன்று அவர் படத்திறப்பு. இருபது வருடமாக அவர் உப்பளத்துக்கு ஆள் கூட்டிவரும் மேஸ்திரி நான். அதனால் என்னைப் பேசச் சொன்னார்கள். பேசினால் அழுதுவிடுவேன், எழுதிப் படிக்கிறேன்.

அவர் எங்கள் கிறிஸ்தவ வேதக்காரர் இல்லை. நெற்றியில் விபூதி இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை. ஆனாலும் ஆண்டவர் விண்ணேற்றத் திருநாளான வியாழக்கிழமை அவர் அளம் திறக்காது. கோடை உச்சத்தில் ஒரு நாள் வெயில் வீணானால் மற்ற முதலாளிகளுக்கு வயிறு எரியும். இவர், "போங்க, பூச பாருங்க" என்று விரட்டுவார். கட்டாயம் பூசை காணவேண்டிய கடன் திருநாளில் வேலை செய்தால் பாவம் என்று பயந்த எங்களுக்கு அது பெரிய நிம்மதி.

சுனாமிக்கு முந்தின கோடையில், இனி அந்தத் திருநாள் ஞாயிற்றுக்கிழமைதான், வியாழன் வேலைக்குப் போகலாம் என்று பங்குச் சாமியார் பிரசங்கத்தில் சொன்னார். சந்தோஷமாகப் போனோம். முதலாளி வரப்பில் குறுக்கே நின்றார்.

"இன்னிக்கு வேல இல்ல."

"சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கமாட்டான்னு சொல்லுவாங்க. இங்க பூசாரியே குடுத்துட்டாரு, நீங்கதான் வாங்கமாட்டேங்கிறீங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

சாமியாரே வண்டியில் வந்து எடுத்துச் சொன்னார். முதலாளி கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். "ஒங்க நாள மாத்த ஒங்களுக்கு அதிகாரம் இருக்குது, ஃபாதர். நான் குடுத்த வாக்க மாத்த எனக்கு ஏது?"

சாமியார் போனபிறகு முதலாளி என்னிடம் விஷயத்தைச் சொன்னார். மகன் சேகர் கைக்குழந்தையாக இருந்தபோது ஜன்னி கண்டு, டாக்டர் கைவிரித்துவிட்டாராம். எதிரே மாதா கோயிலில் மணி அடித்திருக்கிறது. உள்ளே விண்ணேற்றத் திருநாள் பூசை. "புள்ளைய எங்கிட்ட விட்டுடு, இந்த நாள்ல என் அளத்துல யாரும் உப்பு வாரப் பலக வெக்க மாட்டாங்க" என்று முட்டி போட்டிருக்கிறார். சாயங்காலம் குழந்தை கண் திறந்தது.

"அவன்கிட்ட சொல்லிடாத லூர்து. பயந்துகினே இருப்பான்" என்றார்.

சுனாமி அன்று சேகர் கடற்கரையில் இருந்தான். அலைக்குத் தப்பி ஓடி வந்தான். முதலாளி மகனைக் கட்டிக்கொண்டு அழுதார். அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்த வியாழக்கெழம எனக்குத் தெரியாம யாரும் பலக வெக்கலயே?" இல்லை என்று மாதா மேல் சத்தியம் செய்தபிறகுதான் உட்கார்ந்தார்.

போன வாரம் சேகர் சொன்னான். "அக்கா, வர்ற வியாழக்கெழம எல்லாரும் வந்துடுங்க. நானும் அளத்துல எறங்குறேன். ஃபாதர்தான் ஞாயித்துக்கெழமைக்கு மாத்திட்டாரே." தலையாட்டிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. சாமியாரைப் போய்க் கேட்டேன். செத்தவர் நேர்ச்சை மகனைக் கட்டாது என்றார். அவர் படித்தவர், சரியாகத்தான் இருக்கும். என் நெஞ்சு கேட்கவில்லையே.

முதலாளியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவருடைய பயம்தான். இத்தனை வருடம் அதை அவர் தனியாகச் சுமந்தார். என்னால் முடியாது.

முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாய், சேகர். அப்பா சொல்லாதே என்றதை ஊரறியச் சொல்லிவிட்டேன். நாளை மறுநாள் வியாழக்கிழமை. நான் வரமாட்டேன். நீயும் இறங்காதே, தம்பி.