எரியாத அக்கி

சங்ககிரியில் லாரிப் பட்டறைகளுக்கு எதிரே அத்தை மெஸ் வைத்திருந்தாள். அப்பாவின் அக்கா. மார்பகப் புற்றுநோய்க்காக இடப்பக்க மார்பை எடுத்த பிறகு, தையல் ஆறியதும் நேராக அடுப்படிக்குத் திரும்பியவள். சில வருஷம் கழித்து அந்தத் தழும்பைச் சுற்றிச் சிவப்பாகச் சிறு கட்டிகள் கிளம்பியபோது, எங்கள் குடும்பத்தில் ஆளுக்கொரு வைத்தியர் முளைத்தார்கள். அடுப்புச் சூடுதான் காரணம் என்று அம்மா சந்தனம் அரைத்தாள். சத்தத்தைக் கேட்டே என்ஜின் கோளாறு சொல்லிவிடும் சித்தப்பா, அதே நம்பிக்கையோடு இது அக்கிதான் என்றார். அக்கி எழுதும் அம்மாள் ஒருவரை அழைத்தும் வந்துவிட்டார். அந்த அம்மாள் காவி குழைத்துப் பூசி, சிங்கம் ஒன்றை எழுதிவிட்டுப் போனார்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்துக் கோடை விடுமுறைக்கு அங்கே போயிருந்தேன். முந்தின வருஷம் எனக்கே அக்கி வந்து, கவுன் உரசினாலே ஊரைக் கூட்டியவள் நான். அந்த நோயில் அனுபவசாலி என்ற கர்வம் எனக்கு இருந்தது. வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு முதுகு தேய்த்துவிடக் கூப்பிட்டாள் அத்தை. கை அக்குள் பக்கம் போனபோது தோலுக்கடியில் மொச்சைக்கொட்டைபோல ஏதோ தட்டுப்பட்டது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டேன்.

"எரியுதுங்களா அத்தை?"

"இல்ல சாமி. தொட்டாக்கூட ஒண்ணும் தெரியல."

"அப்ப அது அக்கி இல்லீங்க. அக்கின்னா எரியும்."

அத்தை திரும்பி என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. குளித்து முடித்ததும் ஈரத்தலையோடு அப்பாவுக்குப் போன் போட்டாள். "தம்பி, நாளைக்கே வா. சேலம் போகோணும்."

சேலத்தில் ஒரு கட்டியிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். பழைய நோய்தான் பரவித் தோலில் தலைகாட்டியிருக்கிறது, இப்படி அக்கி போலத் தோன்றுவது அபூர்வம் என்றார் டாக்டரம்மா. மருந்து இருக்கிறதா என்று அத்தைதான் கேட்டிருக்கிறாள். இருந்தது. ஊசி போட்டார்கள், முடி கொட்டியது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மெஸ் வாசலில் உட்கார்ந்து, சாம்பாரில் உப்புப் போதாது என்று உள்ளே பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தீபாவளிக்குப் போனபோது என் கையைப் பிடித்து அக்குளருகே வைத்தாள். தோல் கருத்திருந்தது. கட்டிகளையும் அந்த மொச்சைக்கொட்டை உருண்டையையும் காணோம்.

"போயிருச்சுங்களா?"

"இப்பத்திக்குப் போயிருச்சு சாமி."

நான் வெளியே ஓடி, சாப்பிட்டுக்கொண்டிருந்த டிரைவர்களிடமெல்லாம் அத்தைக்குச் சரியாகிவிட்டது என்று அறிவித்தேன். அத்தை மறுக்கவில்லை. எல்லோருக்கும் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றச் சொன்னாள்.

'இப்பத்திக்கு' என்பதை நான் காதிலேயே வாங்கவில்லை. அது மறுபடி மறுபடி சேலம் போய் வாங்கிவர வேண்டிய ஒன்று என்று அன்று எனக்குத் தெரியாது. மருந்துகள் மாறிவிட்டன, நான் கல்லூரியும் முடித்துவிட்டேன். அத்தை இன்னும் போய் வாங்கி வந்துகொண்டுதான் இருக்கிறாள்.