பதில் சொல்லிவிட்டுத் தூங்கு

மரக்காணம் உப்பளத்துக்கு நான் லோடு லாரி ஓட்டிப் போன நாட்களில் அந்த அம்மாவைப் பார்த்தேன். ஒல்லியான உடம்பு. புடவைக்கு மேல் தொளதொளவென்று ஓர் ஆண்பிள்ளைச் சட்டை.

உப்பளத்தில் விடியுமுன்னே வேலைக்கு இறங்கிவிடுவார்கள். மதியம் சாப்பிட்டதும் கண்ணைச் சுழற்றும். கொட்டகை நிழலில் வரிசையாகப் படுத்துவிடுவார்கள். அப்படித் தூங்குகிறவரை எழுப்புவது அங்கே பாவம்போல. அந்த அம்மா மட்டும் எழுப்புவார். ஒவ்வொருவராக வந்து, ஈரக் கையால் கால் கட்டைவிரலைத் தொட்டு, "தண்ணி குடிச்சியா?" என்பார். பதில் வந்தால்தான் அடுத்த ஆளிடம் போவார்.

முதல் நாள் எனக்கு எரிச்சலாக வந்தது. "ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டிட்டு வந்திருக்கேன். தூங்க விடும்மா" என்றேன்.

"தூங்குப்பா. பதில் மட்டும் சொல்லிட்டுத் தூங்கு."

பிறகு என் பக்கத்தில் குந்தி, மெதுவாகச் சொன்னார். "எங்க வீட்டுக்காரரு வெயில்ல வேலை செஞ்சுட்டு, தண்ணிகூடக் குடிக்காம இங்கதான் படுத்தாரு. பாவம், அசதியில தூங்குறாரு, யாரும் எழுப்பாதீங்கன்னு நான்தான் சொன்னேன். வெளிச்சத்துல கண்ணு கூசுமேன்னு துண்ட எடுத்து மூஞ்சியில போட்டுட்டு வேலைக்குப் போனேன். மூணு மணிக்கு வந்து எழுப்பினா, உசுரு இல்ல."

அடுத்த முறை போனபோது எனக்குத் தூக்கமே வரவில்லை. ஆனாலும் அவர் வருவது தெரிந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். கட்டைவிரலில் ஈரக் கை பட்டது.

"குடிச்சேம்மா. நீங்க குடிச்சீங்களா?"

கண்ணைத் திறந்து பார்த்தேன். அதற்குள் அடுத்தவரின் கால்மாட்டில் குனிந்து, "தண்ணி குடிச்சியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.